தி சீக்ரெட் ரிவர்: நாவல், தொலைக்காட்சித் தொடர், நடுவே ஒரு சோளக்காடு

எதை முதலில் தொடுவது என்று கேட்பவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். நாவல்தான் முதலில். அதிலும் லண்டனில் நடக்கும் முதல் பாகத்தைத் தாண்டிக் குதிக்காமல் படிக்க வேண்டும். ‘ஆஸ்திரேலியக் கதை என்று சொல்லிவிட்டு லண்டன் குளிரையே இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாரே’ என்று அலுத்துக்கொண்டு அந்தப் பாகத்தை மேய்ந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிப் போனவர்களுக்கு மிஞ்சுவது தொலைக்காட்சித் தொடர் தருகிற கதைதான்: கெட்டவர்களோடு சேர்ந்து கெட்டுப்போன ஒரு நல்ல மனிதன். கேட் கிரென்வில் எழுதியிருப்பது அதைவிடச் சங்கடமான கதை.

நாவல் 2005இல் வந்தது. 2006இல் காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு பெற்றது, அதே ஆண்டு புக்கர் குறும்பட்டியலிலும் இருந்தது. தலைப்பு மானிடவியலாளர் ஸ்டானரிடமிருந்து எடுத்தது. 1968இல் ஆஸ்திரேலிய வானொலியில் அவர் ஆற்றிய பாயர் உரைகளில், அந்த நாட்டு வரலாற்றின் அடியில் ஓடும் இரத்தத்தின் இரகசிய நதியைப் பற்றிப் பேசினார். பூர்வகுடிகளுக்கு நடந்ததை வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லாமல் விட்டதற்கு ‘மகா மௌனம்’ என்று பேர் வைத்தவரும் அவரே. கிரென்வில்லின் சொந்த மூதாதை சாலமன் வைஸ்மன், தேம்ஸ் நதியில் சரக்குப் படகு ஓட்டியவர். மரம் திருடி மாட்டிக்கொண்டு, 1806இல் அலெக்சாண்டர் என்ற கப்பலில் சிட்னிக்கு நாடுகடத்தப்பட்டவர். அவரைப் பற்றிக் கற்பனை கலக்காத வரலாற்று நூல் எழுதத்தான் கிரென்வில் கிளம்பினார். நிலம் ‘எடுத்துக்கொண்டார்’ என்று குடும்பக் கதையில் வருகிற அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதற்கு ஆவணம் கிடைக்காமல் போகவே, கடைசியில் அது நாவலாயிற்று.

நாவலின் வில்லியம் தார்ன்ஹில் 1777இல் லண்டன் சேரியில் பிறக்கிறான். பிள்ளைகள் அதிகம், சோறு குறைவு. பதின்மூன்று வயதுக்குள் பெற்றோர் இருவரும் போய்விடுகிறார்கள். மிடில்டன் என்ற படகோட்டியிடம் ஏழு வருடம் தொழில் பழகுகிறான், அவர் மகள் சால் என்பவளையே கல்யாணம் செய்துகொள்கிறான், எழுத்துக் கூட்டவும் அவளிடமே கற்றுக்கொள்கிறான். இரண்டு வேளைச் சாப்பாடு நிலைத்தது என்று நினைக்கும் நேரத்தில் ஒரு கடுங்குளிர்காலம் வந்து நதி உறைகிறது. படகு ஓடவில்லை, வாடகை நிற்கவில்லை, மாமனாரும் மாமியாரும் இறக்கிறார்கள், படகு கடனுக்குப் போகிறது. பிறகு கூலிக்குச் சரக்கு இழுக்கிறான். சரக்கிலிருந்து கொஞ்சம் ஒதுக்குவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஒருநாள் ஒதுக்கியது பிரேசில் மரம். சாயத்துக்குப் பயன்படும் விலையுயர்ந்த சரக்கு. அதற்குத் தூக்குத் தண்டனை. மனு மேல் மனுப் போட்டு அது ஆயுள் நாடுகடத்தலாகக் குறைகிறது.

இந்தப் பாகத்தின் வேலை தார்ன்ஹில் மேல் இரக்கம் வரவைப்பது மட்டும் என்று நினைத்தால் பாதிதான் பிடிபட்டது. அவன் மாடிவீட்டுக்காரர்களைப் படகில் ஏற்றி இறக்குகிறான். குளிரில் கை மரத்து, அவர்கள் செருப்பு நனையாமல் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவர்களுக்கு அவன் ஒரு துடுப்பின் நீட்சி, அவ்வளவே. மனிதனை மனிதனாகக் கணக்கில் எடுக்காத பார்வை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், அனுபவித்திருக்கிறான். பிற்பாடு அவன் குடியேறும், சிட்னிக்கு வடக்கே ஓடும் ஹாக்ஸ்பரி நதியின் கரையில் இதே பார்வையை அவன் கண்ணில் ஆசிரியர் ஒரு விளக்கமும் இல்லாமல் வைக்கும்போது, லண்டன் பக்கங்கள் நினைவில் இருந்தால்தான் உறுத்தும். தொடர் இந்தப் பகுதியை ஏறத்தாழ முழுவதும் வெட்டிவிட்டது. இரண்டு பாகம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின். அதற்குள் ஆறு பாக நாவலை அடக்க வேண்டுமென்றால் எங்காவது கத்தி வைத்தாக வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் வைத்த இடம் கழுத்து.

சிட்னி பாகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கைதிகளை எஜமானர்களுக்கு ஒப்படைப்பது அன்றைய வழக்கம். சால் தண்டனை பெறாமல் உடன் வந்த சுதந்திரப் பெண் என்பதால், தார்ன்ஹில் அவன் மனைவியிடமே கைதியாக ஒப்படைக்கப்படுகிறான். இருவரும் அதை விளையாட்டாகச் சொல்லிச் சிரித்துக்கொள்வது நாவலின் இதமான பக்கங்களில் ஒன்று. மற்றபடி சிட்னி பாகம் கொஞ்சம் தளர்வு. வேகமாகக் கடந்தால் நஷ்டமில்லை.

கதை நிஜமாகவே உட்காரும் இடம் ஹாக்ஸ்பரி. 1813 வாக்கில், பிளாக்வுட் என்ற முன்னாள் கைதியின் படகில் வேலைக்குப் போகும்போது தார்ன்ஹில் கண்ணில் ஒரு நிலமுனை படுகிறது. நூறு ஏக்கர். நதி வளைந்து மூன்று பக்கமும் தண்ணீர், பின்னால் மணற்பாறைச் செங்குத்து. இதுவரை ஒரு முழக் கயிறும் சொந்தமில்லாதவனுக்கு அந்த மண்மேல் வரும் ஆசையைக் கிரென்வில் காதல்போல எழுதியிருக்கிறார். மனைவியிடம்கூட உடனே சொல்லாமல் மறைத்து வைக்கிற ஆசை. பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. போய் உட்கார்ந்து, மண்ணைக் கொத்தி, விதை போட்டால் அவன் நிலம், பிற்பாடு அரசு எழுதிக் கொடுத்துவிடும். நம்மூர் வருவாய்த்துறை மொழியில் சொன்னால், ஒரு கண்டத்தையே புறம்போக்கு என்று எழுதி வைத்திருந்தார்கள்.

இறங்கிய முதல் நாளே அவர்கள் ஒரு இடத்தில் மண் கொத்தப்பட்டிருப்பதைப் பார்க்கிறார்கள். மகன் ஒருவன் கேட்கிறான், நமக்கு முன்னாலேயே யாரோ தோண்டியிருக்கிறார்களே என்று. பன்றியோ வேறு எதுவோ என்று அப்பா சமாளித்துவிட்டு, அங்கே முளைத்திருந்த மஞ்சள் பூச்செடிகளைப் பிடுங்கி எறிந்து அந்த இடத்திலேயே மக்காச்சோளம் போடுகிறான். அந்தப் பூச்செடிகளின் கிழங்குதான் அந்த நதியோரப் பூர்வகுடிகளான தாருக் மக்களின் சாப்பாடு. நாவலில் வரும் கொலைகள் அத்தனைக்கும் ஆரம்பம் இந்தப் பாத்தி. நதியோர வண்டல் மண் ஒரு குறுகிய பட்டை. அதற்கு மேலே பாறையும் காடும்தான். கிழங்கு விளைவதும் அந்தப் பட்டையில்தான், சோளம் விளைவதும் அங்கேதான். இரண்டுக்கும் இடமில்லை. வெள்ளைக் குடியேறிகள் அந்தப் பட்டையை ஒருவர் பின் ஒருவராகப் பிடிக்கப் பிடிக்க, கிழங்கு காணாமல் போகிறது. சோளம் முற்றும் பருவத்தில் பூர்வகுடிகள் கூடைகளோடு வந்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கண்ணில் அது திருட்டு ஆக முடியாது. அவர்கள் பாத்தியில் விளைந்தது. காவலுக்கு நிற்பவன் சுடுகிறான். சுட்டதற்குப் பதில் ஈட்டி. ஈட்டிக்குப் பதில் இன்னும் பத்துத் துப்பாக்கி.

இது நாவலாசிரியர் புனைந்த சங்கிலியும் இல்லை. ஹாக்ஸ்பரியில் 1794இல் 22 குடியேறிகளோடு பண்ணைகள் தொடங்கின. அடுத்த ஆண்டே சோளத்தைக் காக்கவென்று ராணுவத்தை அனுப்பினார்கள். ஆளுநர் மக்வாரி 1816இல் பூர்வகுடிகளுக்கு எதிராகப் படை அனுப்பியதும், ஏப்ரல் 17 அதிகாலை ஆப்பின் என்ற இடத்தில் குறைந்தது 14 பேர் இறந்ததும் அரசாங்கப் பதிவிலேயே இருப்பவை. அதற்கடுத்து வந்த அறிவிப்பு, குடியிருப்புகளுக்கு ஒரு மைல் சுற்றளவில் பூர்வகுடிகள் ஆயுதத்தோடு வரக்கூடாது, கூட்டமாகச் சேரக்கூடாது என்றது. நாவலிலும் அந்த அறிவிப்பு வருகிறது, குடியேறிகள் அதைத் தங்களுக்குச் சாதகமாக வாசித்துக்கொள்வதும் வருகிறது.

கிழங்குப் பாத்தி தொடரிலும் உண்டு. ஆனால் திரையில் ஒரு பூச்செடியைப் பிடுங்குவது இரண்டு நொடி. பார்க்கிறவர் அதைக் கவனிக்காமலே போகலாம். நாவலில் அது பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது: சும்மா சுற்றுகிறவர்கள் என்று நினைத்த பெண்கள் குச்சியால் தோண்டி, கிழங்கை எடுத்துக்கொண்டு, தண்டைத் திரும்பப் புதைப்பது; காட்டுக்கு அளவாகத் தீ வைத்து, சில வாரத்தில் துளிர்க்கும் புல்லுக்குக் கங்காரு வந்ததும் வேட்டையாடுவது. இதெல்லாம் விவசாயம்தான், வேலி இல்லாத விவசாயம், என்பது தார்ன்ஹில் மண்டையில் மெல்ல உறைக்கிறது. புரிந்த பிறகும் அவன் செய்வதுதான் நாவல். தெரியாமல் செய்தான் என்ற சாக்கை ஆசிரியர் அவனுக்கு விட்டுவைக்கவில்லை.

அக்கம்பக்கத்தார் பற்றிச் சொல்ல வேண்டும். நதியோரம் இரண்டு துருவங்கள். ஒருபக்கம் பிளாக்வுட். தாருக் பெண்ணோடு குடும்பம் நடத்துகிறவர். கொஞ்சம் கொடு, கொஞ்சம் எடு, வேறு வழியில்லை என்பதுதான் அவர் சொல்லும் ஒரே புத்திமதி. மறுபக்கம் ஸ்மாஷர் சல்லிவன். தொழில், சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது. அன்றைய சிட்னியில் சுண்ணாம்புக்கல் கிடையாது. செங்கல் கட்டடங்களுக்கான சுண்ணாம்பு, பூர்வகுடிகள் பல தலைமுறையாகத் தின்று குவித்திருந்த சிப்பி மேடுகளை எரித்துத்தான் வந்தது. அதாவது அவர்கள் அங்கே வாழ்ந்த சாட்சியம் சுவர்களுக்குள் பூச்சாகப் போயிற்று. ஸ்மாஷரின் தொழிலை இப்படித் தேர்ந்தெடுத்தது கிரென்வில்லின் கெட்டிக்காரத்தனம். ஆனால் ஸ்மாஷரை ஆளாக எழுதியதில் அவர் சறுக்கியிருக்கிறார். வெட்டிய காதைப் பெருமையாகக் காட்டுகிற, பெண்ணைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிற ஒருவன் பக்கத்தில் நின்றால் யாருமே யோக்கியன்தான். வாசகரின் வெறுப்பு முழுவதையும் அவன் இழுத்துக்கொள்ள, தார்ன்ஹில்லின் பங்கு வெளிறிப்போகிறது.

நாவல் இந்தக் குறையை ஒரே ஒரு காட்சியில் சரிக்கட்டுகிறது. ஸ்மாஷர் அந்தப் பெண்ணைக் காட்டும்போது, தார்ன்ஹில்லின் மனதில் ஒரு கணம் ஆசை ஓடுகிறது. கூசிப்போய்த் திரும்பிப் படகேறுகிறான். ஆனால் அவளை அவிழ்த்துவிடவில்லை, சாலிடமும் சொல்லவில்லை. அந்த மௌனத்தால் அந்தக் கொடுமையில் தனக்கும் பங்கு சேர்ந்துவிட்டது என்று அவனுக்கே படுகிறது. பிறகு இன்னொரு ஓடைக்கரையில், விஷம் கலந்த மாவைத் தின்று செத்துக் கிடக்கும் குடும்பத்தையும், உயிர் ஊசலாடும் ஒரு சிறுவனையும் பார்க்கிறான். தண்ணீர் கொடுக்கிறான். அதையும் வீட்டில் சொல்லவில்லை. இப்படி ஒவ்வொன்றாகச் சேரும் சொல்லாமைகள்தான் அவனைக் கடைசிப் படகுப் பயணம்வரை கொண்டுபோகின்றன. நேரடியாக ஒரு தப்பும் செய்யாமலே அவன் பாதி தூரம் வந்துவிட்டான்.

தொடரில் இதே காட்சிகள் இருக்கின்றன. ஆனால் கேமராவுக்கு மனதின் உள்ளே போக வழியில்லை. தார்ன்ஹில்லாக வரும் ஆலிவர் ஜாக்சன்-கோஹன் நல்ல உயரம், நல்ல முகவெட்டு, கலங்கிய கண். அவர் சங்கிலியில் இருக்கும் பெண்ணைப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது அதிர்ச்சியும் அருவருப்பும்தான். அந்த ஒரு கண ஆசை முகத்தில் வரவில்லை. வந்திருந்தாலும் பிரதான நேரத் தொலைக்காட்சியின் கதாநாயகனுக்கு அதைத் தாங்கியிருக்க மாட்டார்களோ என்னவோ. ஸ்மாஷராக டிம் மின்சின். இசையும் நகைச்சுவையுமாகப் பேர் வாங்கியவர் இதில் பல்லைக் காட்டிச் சிரிக்கும்போது பயமாகத்தான் இருக்கிறது, நடிப்பு சோடையில்லை. ஆனால் அவர் எவ்வளவு நன்றாக நடிக்கிறாரோ, அந்த அளவு தார்ன்ஹில் மேலிருக்கும் பாரம் இறங்குகிறது. நாவலில் ஏற்கெனவே இருந்த கோணலைத் திரை இன்னும் வளைத்துவிட்டது.

மற்றபடி தொடரில் குறை சொல்ல முடியாத ஒன்று சாரா ஸ்னூக். பிற்பாடு அமெரிக்கத் தொடரொன்றில் உலகப் புகழ் பெற்றவர், 2015இல் சாலாக நடித்திருக்கிறார். மரத்தில் கோடு கீறி நாள் எண்ணுகிற பெண். ஐந்து வருடம் பொறு, பிறகு லண்டன் போய்விடலாம் என்று கணவன் கொடுத்த வாக்கின் கணக்கு அந்தக் கோடுகள். ஒரு கட்டத்தில் சால் பக்கத்துப் பூர்வகுடிக் குடியிருப்பை நடந்து சுற்றிப் பார்க்கிறாள். துடைப்பம் வைத்துக் கூட்டிய தரை, பாண்டம், அடுக்கிய கல். நாம் வந்து இறங்கியதற்கு முன்னால் இவர்கள் இங்கே இருந்தார்கள், இவர்கள் பாட்டியும் பூட்டியும் இருந்தார்கள் என்று அவள் வந்து சொல்வது நாவலின் நடுநரம்பு. துடைப்பத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைக்கிறது. வீடு கூட்டுகிறவளுக்கு வீடு எது என்று தெரிந்துவிடுகிறது. ஸ்னூக் இதை அழாமல், குரல் உயர்த்தாமல், ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டும் வேகத்தில் சொல்கிறார். நாவலைவிடத் தொடர் ஒரு படி மேலே நிற்கும் இடங்களில் இது முக்கியமானது.

இன்னொன்று, பூர்வகுடி முகங்கள். கிரென்வில் அவர்கள் மனதுக்குள் புகுந்து எழுதுவதில்லை என்று முடிவு செய்தே எழுதியிருக்கிறார். தனக்குத் தெரியாத மனதைத் தெரிந்ததாகக் காட்ட உரிமையில்லை என்பது நியாயமான தயக்கம்தான். ஆனால் அதன் விளைவு, நாவலில் அவர்கள் எல்லோரும் விஸ்கர் ஹாரி, லாங் ஜாக் என்று வெள்ளையர் வைத்த கேலிப் பெயர்களோடு தூரத்திலேயே நிற்கிறார்கள். அடர்ந்த மௌனத்தோடு, கொஞ்சம் சிலைபோல. தொடரில் டிரெவர் ஜேமிசன், நடாஷா வங்கனீன் போன்ற நடிகர்கள் நின்றதுமே அந்தத் தூரம் குறைகிறது. ஒரு மனிதர் எரிச்சல்படுவதையும், பொறுமையாக விளக்க முயன்று கைவிடுவதையும் பார்த்தால் போதும், வசனம் வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் இன்னும் தூரம் போனது மேடை. ஆண்ட்ரூ போவெல் நாடகமாக்க, நீல் ஆர்ம்ஃபீல்ட் இயக்கத்தில் 2013இல் சிட்னியில் அரங்கேறியது. அங்கே தாருக் குடும்பத்துக்குச் சொந்தப் பெயர்கள் உண்டு. மேடையில் தாருக் மொழியே பேசுகிறார்கள், திரையில் மொழிபெயர்ப்பு ஓட்டுவதில்லை. பார்வையாளர் தார்ன்ஹில்லைப் போலவே ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கதை சொல்வது நதி. அதன் தாருக் பெயரையே கதைசொல்லிக்கும் வைத்திருக்கிறார்கள். நாடகப் பிரதி அச்சில் இருக்கிறது. மூன்றில் எதையும் விடாமல் பார்க்க நினைப்பவர்கள் நாவல், நாடகப் பிரதி, தொடர் என்ற வரிசையில் போகலாம்.

குடியேறிகள் பூர்வகுடி முகாம் ஒன்றின் மேல் நடத்தும் கடைசித் தாக்குதலைப் பற்றி, யார் யாரைச் சுட்டார் என்பதைச் சொல்லாமல் சில விவரம் மட்டும். இதைத் தொடரில் பார்ப்பவர்களுக்கு ‘ஏன் இருட்டிலேயே கிளம்புகிறார்கள், ஏன் தார்ன்ஹில்லையே கெஞ்சுகிறார்கள்’ என்று புரியாமல் போகலாம். காரணம் இரண்டு. ஒன்று, அன்றைய மஸ்கெட் துப்பாக்கி. குழாயில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, பற்றவைக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் மருந்து தூவி, சக்கிமுக்கிக் கல் உள்ள சுத்தியலை முழுக்க இழுத்துப் பிறகு சுட வேண்டும். பயிற்சி பெற்ற சிப்பாய்க்கே நிமிடத்துக்கு இரண்டு மூன்று வெடிதான். கை நடுங்கும் குடியானவனுக்கு இன்னும் நேரமாகும். நூறு மீட்டருக்கு மேல் குறி தப்பும், மருந்து ஈரமானால் வெடிக்கவே வெடிக்காது. ஒரு முறை சுட்டு மறுபடி நிரப்புவதற்குள், எறிகோல் வைத்து ஈட்டி வீசுகிறவர் பலமுறை வீசிவிடுவார். பகலில் நேருக்கு நேர் நின்றால் குடியேறிகளுக்குத்தான் ஆபத்து. ஆகவே விடியலில், தூங்குகிற முகாமின் மேல். ஆப்பினிலும் இதே முறைதான்.

இரண்டாவது காரணம் படகு. அந்த முகாம் இருப்பது பிளாக்வுட் வாழும் கிளைநதியில், அதற்குத் தரைவழி கிடையாது. அங்கே ஆட்களை ஏற்றிப் போகும் அளவுக்குப் பெரிய படகு தார்ன்ஹில்லின் ‘ஹோப்’ மட்டும்தான். ஹாக்ஸ்பரியில் கடல் நீர் ஏறி இறங்குவது வெகுதூரம் உள்ளே வரை தெரியும். நீர் ஏறும்போது ஏறினால் துடுப்பு போடாமலே படகு உள்ளே போகும். நேரம் தப்பினால் சேற்றில் தட்டிவிடும். அந்தக் கணக்குத் தெரிந்தவனும் அவனே. லண்டனில் ஏழு வருடம் பழகிய தொழில் இங்கே இதற்குப் பயன்படுகிறது. முதல் பாகத்தைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். தொடரில் படகேறுகிறார்கள், போகிறார்கள், அவ்வளவே.

படுகொலையை இரண்டுமே கூச்சமின்றிக் காட்டுகின்றன. நாவலில் சில பக்கம்தான், ஆனால் வாக்கியங்கள் சின்னதாகி, யார் யார் என்று தெரியாத குழப்பத்தில் எழுதப்பட்டிருக்கும். தொடரில் இரண்டாம் பாகத்தின் பின்பகுதி முழுக்க அதன் நிழல். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் சமாச்சாரம் இல்லை. குழந்தைகளின் உடல்கள் வரும்.

தொடருக்கு இன்னொரு சிறு குறை, நதியைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் படுவது. படப்பிடிப்பு விக்டோரியா மாநிலத்தில். ஹாக்ஸ்பரியின் அடையாளமே தண்ணீரிலிருந்து நேராக எழும் மஞ்சள் மணற்பாறைச் சுவர். நாவலில் அது கிட்டத்தட்ட ஒரு பாத்திரம். மேலே நின்று யாரோ பார்க்கிறார்கள் என்ற உறுத்தல் அந்தப் பாறையால்தான் வருகிறது. திரையில் தெரிவது அழகான நீர்நிலை. அழகு இருக்கிறது, உறுத்தல் இல்லை. இயக்குநர் டெய்னா ரீட் நடிகர்களிடம் எடுத்த வேலையை நிலத்திடம் எடுக்க முடியவில்லை.

நாவலை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா என்ற சண்டை பெரிதாகவே நடந்தது. கிரென்வில் வானொலிப் பேட்டி ஒன்றில், வரலாற்றாசிரியர்கள் சண்டையிடும்போது நாவலாசிரியர் ஏணியில் ஏறி நின்று மேலிருந்து பார்க்கலாம் என்ற பொருளில் சொல்லப்போக, வரலாற்றாசிரியர் இங்கா கிளெண்டினன் 2006இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதிவிட்டார். அவருடைய புகாரில் வலு உண்டு. 1788 காலத்தில் ஆளுநர் பிலிப் ஒரு மண்வெட்டி விவகாரத்தில் பூர்வகுடி ஒருவரை அறைந்த சம்பவத்தை, கால் நூற்றாண்டு தள்ளி, வேறு ஊரில், வேறு மக்களிடையே தார்ன்ஹில் கையில் கொடுத்திருக்கிறார் நாவலாசிரியர். முதல் சந்திப்பில் நடந்ததற்கும், இருபத்தைந்து வருடப் பகைக்குப் பிறகு நடப்பதற்கும் அர்த்தம் ஒன்றாகுமா? ஆகாது. கிளைமாக்ஸுக்கும் 1838இல் வெகு வடக்கே நடந்த வாட்டர்லூ கிரீக் படுகொலையின் விவரங்களை எடுத்து ஹாக்ஸ்பரிக்குக் கொண்டுவந்திருக்கிறார். நாவலுக்கு இது செல்லும். ஆனால் ‘ஹாக்ஸ்பரியில் இன்ன ஆண்டு இப்படி நடந்தது’ என்று இதை மேற்கோள் காட்டிவிடாதீர்கள். தான் என்னென்ன இடம் மாற்றினேன் என்பதை ஆசிரியரே 2006இல் தனிப் புத்தகமாக எழுதி வெளியிட்டார், மறைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாங்குவோருக்குச் சில குறிப்புகள். ஆங்கிலப் பதிப்பு முந்நூற்றுச் சொச்சம் பக்கம். உரையாடலுக்கு மேற்கோள் குறியே கிடையாது, சாய்வெழுத்து மட்டும். மலிவான மின்நூல் செயலிகளில் சாய்வெழுத்து சரியாகத் தெரியாவிட்டால் யார் பேசுகிறார், எது நினைப்பு, எது பேச்சு என்று குழம்பும். அச்சுப் புத்தகம் உத்தமம். பேச்சு எல்லாம் லண்டன் கீழ்த்தட்டு ஆங்கிலம், முதல் முப்பது பக்கம் காது பழகும்வரை கொஞ்சம் இடறும். தொடரிலும் அதே பேச்சு, வேகமாக வருவதால் ஆங்கில வரிகளை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. கதையின் தொடர்ச்சியாக 2011இல் வந்த மகளின் கதையையும் உடனே வாங்கிவிட வேண்டாம். முதலாவது தருகிற அழுத்தம் அதில் இல்லை.

கடைசிப் பகுதிக்கு ‘திரு. தார்ன்ஹில்லின் மாளிகை’ என்று பெயர். படுகொலைக்குப் பத்தாண்டு கழித்து. கல்வீடு, மதில், இங்கிலாந்துச் செடிகள் வாடும் தோட்டம், திண்ணையில் தொலைநோக்கியோடு ஒரு பணக்காரன். அஸ்திவாரத்துக்கு அடியில் பாறையில் செதுக்கிய ஒரு மீன் மூடிக் கிடக்கிறது. அவனுக்கு அது தெரியும். லாங் ஜாக் தரையைக் கையால் தட்டி ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார். நாவலில் இந்தப் பதினைந்து இருபது பக்கத்தை ஒரே அமர்வில் படிக்கும்படி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் படிக்கிற பக்கங்கள் இல்லை.

மேற்கு சிட்னியில் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு இதெல்லாம் தூரத்துச் சங்கதி இல்லை. டூங்காபி, பெண்டில் ஹில் என்று நம்மவர்கள் வீடு வாங்கியிருக்கும் இடமெல்லாம் தாருக் மண். டூங்காபி என்பதே அவர்கள் மொழிச் சொல். 1791இல் அங்கே தொடங்கிய அரசுப் பண்ணையை 1797இல் பெமல்வி என்ற போராளி தாக்கினார். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு முன்பின் ஓட்டினால் வைஸ்மன்ஸ் ஃபெர்ரி. கிரென்வில்லின் மூதாதை வைஸ்மன் 1820களில் கட்டிய வீடு இன்று அங்கே விடுதியாக நிற்கிறது, அவர் தொடங்கிய படகுத்துறையில் கம்பிவடத்தில் ஓடும் மிதவை இப்போதும் கார்களை அக்கரை சேர்க்கிறது. கட்டணம் கிடையாது. அக்கரையில் இறங்கி மக்டொனால்ட் நதியோரம் போனால் நாவலில் வரும் கிளைநதி அதுதான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், மிதவைக்கு வரிசை நீளும்.